சேர்வராயன் குகையும் 21 நாள் கெடுவும்

சேர்வராயனுக்குக் கோபுரம் கிடையாது. 5,326 அடி உயரத்தில், மேசைபோலத் தட்டையான மலையுச்சியில், பாறைக்கு அடியில் ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். ஒருவர் மலை, ஒருவர் ஆறு. குகை அப்படியே காவிரி வரை போகிறது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் இறங்கினால், ஏரியிலிருந்து கோயில் ஆறு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவோ ஜீப்போ பேசும்போது திரும்பி வரும் வாடகையையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே பேசிவிட வேண்டும். மாலையில் பனி இறங்கிய பிறகு மேலே வண்டி தேடுவது வீண் அலைச்சல். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். திரும்பும்போது ஞாபகமில்லாமல் நிமிர்ந்து தலையை இடித்துக்கொள்பவர்களே அதிகம். மழைக்காலத்தில் பாறை கசியும், தரை வழுக்கும். கற்பூரப் புகை சீக்கிரம் வெளியேறாது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் கூட்டம் குறைந்ததும் நுழைவது நல்லது. மே மாதத் திருவிழாவில் மலையாளிப் பழங்குடி மக்கள் மலைக் கிராமங்களிலிருந்து திரண்டு வருவார்கள். அது அவர்களுடைய விழா. நமக்குத் தரிசனம் கிடைத்தால் பாக்கியம். வரிசையில் முந்துவது மட்டும் வேண்டாம்.

வெளியே வந்ததும் எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் பிடிக்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் காலடியையும் பார்க்கலாம். செம்மஞ்சள் நிறத்தில், பொத்தல் பொத்தலான கல். இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட். யுகக்கணக்கில் மழை அதைக் கரைத்துச் சிலிக்காவை அடித்துப் போக, மிஞ்சிய அலுமினியச் சத்துதான் உச்சியில் பாக்சைட்டாகத் தங்கியிருக்கிறது. மழைநீர் இந்தப் பொத்தல்களில் இறங்கித் தங்கி, கீழே சரிவுகளில் ஊற்றாகக் கசிகிறது. மேல்மூடியைச் சுரண்டினால் இந்தத் தேக்கம் குறையும், ஊற்றும் தளரும்.

அப்படிச் சுரண்டவும் செய்தார்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் 1960-களில் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. ஆலை ஏன் மேட்டூரில்? ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட்டும் 14 ஆயிரம் யூனிட் மின்சாரமும் வேண்டும். அதனால் அலுமினிய ஆலை மின்சாரம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் போகும். மேட்டூரில் 1934-ல் கட்டி முடித்த அணையும் நீர்மின்சாரமும் இருந்தன. குகைக்குள் அருகருகே அமர்ந்திருக்கும் இருவரும், மலை பாக்சைட்டாகவும் ஆறு மின்சாரமாகவும், அங்கே உலையில் சந்தித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். உயரழுத்தக் கம்பிகளில் எஃகு நடுக்கம்பியைச் சுற்றி ஓடுவதும் அலுமினியம்தான். சாமி மைக்செட்டுக்கும் கரண்ட் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. எந்த மலையைக் கேட்காமல் எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கேட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஒடிசாவின் நியமகிரி வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று. அங்கே டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களுக்கு மலையே நியம ராஜா என்ற தெய்வம். பாக்சைட் எடுப்பது அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது தீர்ப்பு. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன்படி உரிமை கோரும் மனுவில், சமூக உரிமைக்குப் படிவம் ‘ஆ’, ஊரே வழிவழியாகக் காத்துப் பயன்படுத்தும் காடான சமூக வன வளத்துக்குப் படிவம் ‘இ’. கோயில் காடு, புனித மரம், சுனை, இடுகாடு எல்லாம் சான்றாக ஏற்கப்படும். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியையும் எழுதி வாங்கி இணைக்கலாம். ஒரே ஒரு சான்றோடு நிறுத்தினால் மனு நிற்காது, ஒன்றுக்கு மேல் வேண்டும். சபையில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கையெழுத்துப் பட்டியலில் இந்தக் கணக்கு இடித்தால் தீர்மானமே அடிபட்டுப் போகும்.

மலை இறங்கினால் சட்டம் வேறு. மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய் சேலம் உட்பட ஏழு மேற்கு மாவட்ட வயல்களின் வழியே திட்டமிடப்பட்டது. தமிழக அரசே எதிர்த்தும் 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. இங்கே ஆள்வது 1962-ம் ஆண்டு குழாய்ச் சட்டம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் போகும். அதற்கு இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதம் தனி. அதன்பின் குழாய் போகும் பட்டையில் கட்டடம், கிணறு, குளம் கூடாது, மரமும் நடக்கூடாது. வேப்பமரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிடும் குடும்பத்துக்கு இந்தக் கடைசி வரிதான் இடி.

குழாய்க்கான அரசிதழ் அறிவிக்கைக்கு முன்பே நிலையான கட்டுமானம் இருந்த நிலத்துக்கு அடியில் குழாய் போகக் கூடாது என்று அதே சட்டத்தின் 7-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம் குலதெய்வங்களில் பாதிக்குச் சுவரே இல்லை. நட்ட கல்லும் வேலும்தான். சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் வயல். அறிவிக்கை வந்த பிறகு அவசரமாக மேடை கட்டுவது பலிக்காது, முந்தைய தேதிதான் கணக்கு.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று இதைப் பட்டு அறிந்தது. 2017 ஜூலையில் தங்கள் சோளக்காட்டில், எரிவாயுக் குழாய் வரவிருந்த பாதையிலேயே, மரப் பெஞ்சுகள் போட்டுத் திறந்தவெளி ஜெபக்கூடம் அமைத்தார்கள். பூமியைக் காப்பது தங்கள் விசுவாசத்தின் பகுதி என்று 2005-லேயே எழுதி வைத்தவர்கள்தான். வழக்கில் தோற்றார்கள். நீதிபதிகள் அவர்களுடைய பக்தியைக் குறை சொல்லவில்லை. மத உரிமை ஆட்சேபத்தை முதலில், குழாய்க்கு அனுமதி தரும் எரிசக்தி ஆணையத்தின் முன் எழுப்பவில்லை என்பதுதான் காரணம். 2018 அக்டோபரில் குழாயில் வாயு ஓடத் தொடங்கியது.

ஆட்சேபம் எழுப்பும் அந்த வாசல் நமக்கு 21 நாள்தான் திறந்திருக்கும். அரசிதழ் அறிவிக்கையின் நகல் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆட்சேபத்தை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், நேரில் விசாரிக்கவும் கேளுங்கள். சர்வே எண்ணும் உட்பிரிவும் புலப்படத்தோடு பொருந்த வேண்டும். அங்கேதான் பல மனுக்கள் கவிழ்கின்றன. பழைய திருவிழா நோட்டீஸ், வரி வசூல் நோட்டு, தேதி தெரியும் புகைப்படம், கோயிலுக்கு மின் இணைப்பு இருந்தால் அதன் ரசீது எல்லாவற்றையும் சேர்க்கலாம். வெறுமனே ‘எங்கள் சாமி இருக்கிறது’ என்று எழுதினால் பதிலும் ஒரு வரியில்தான் வரும். பக்கத்தில் வண்டிப்பாதையோ புறம்போக்கோ இருந்தால் குழாயை அந்த வழியாகத் திருப்பலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.