60 கணினிகளும் ஒரு டிஹெச்சிபி சர்வரும்

எங்கள் கல்லூரி லேபில் 60 கணினிகள். 2019 வரை ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, கையால்தான் போட்டுக்கொண்டிருந்தோம். எந்த சிஸ்டத்துக்கு எந்த எண் என்பது ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கும். யாராவது விண்டோஸை மறுபடி போட்டுவிட்டு, நோட்டைப் பார்க்காமல் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், இரண்டு சிஸ்டம் ஒரே முகவரிக்கு மோதிக்கொள்ளும். "சார், 17ஆம் நம்பர் சிஸ்டத்துல நெட் வரல" என்று குரல் வரும். ஒருமுறை செய்முறைத் தேர்வின் நடுவிலேயே இப்படி ஆனது. நேரம் ஓடிக்கொண்டிருக்க, அந்த மாணவி கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

லேபில் ஏற்கெனவே ஒரு உபுண்டு சர்வர் இருந்தது. கேட்கும் கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாகவே கொடுக்கும் மென்பொருள்தான் டிஹெச்சிபி சர்வர். ஐஎஸ்சி என்ற அமைப்பு உருவாக்கியதை அதில் நிறுவ இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அமைப்புக் கோப்பும் பெரிய விஷயமில்லை. நெட்வொர்க் 192.168.10.0, வெளியே போகும் வழியான கேட்வே 192.168.10.1, இணையப் பெயர்களை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ், அப்புறம் கணினிகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடும் எண்கள், கடைசி எண் 50 முதல் 200 வரை. முதலில் லேபைத் தொடாமல், தனியாக ஒரு சிறிய சுவிட்சில் சர்வரையும் பழைய லேப்டாப்பையும் மட்டும் இணைத்துப் பார்த்தேன். லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தது. விண்டோஸ் கூப்பிட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாதபோது தானாகவே வைத்துக்கொள்ளும் எண் அது. ஆக, சர்வர் பேசவே இல்லை.

சர்வர் தன் வேலையைப் பதிவுசெய்யும் லாகைத் திறந்தால், எந்த இன்டர்ஃபேஸிலும் (நெட்வொர்க் இணைப்பிலும்) கேட்க அமைக்கப்படவில்லை என்று நிறுத்திவிட்டிருந்தது. பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து 'இடிஹெச்0' என்று எழுதியிருந்தேன். இந்த சர்வரில் நெட்வொர்க் கார்டின் பெயர் 'இஎன்பி3எஸ்0'. அதைத் திருத்தி, சர்வருக்கு நிலையான முகவரி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினேன். லாகில் வரிசையாக நான்கு வரிகள் ஓடின: டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக். லேப்டாப் கேட்கிறது, சர்வர் ஒரு எண்ணைக் காட்டுகிறது, அதையே கொடு என்கிறது லேப்டாப், சரி என்கிறது சர்வர். புத்தகத்தில் எத்தனையோ முறை படித்ததுதான். கண் முன்னால் நடந்தபோது வந்த சந்தோஷம் வேறு.

மாதிரிக் கோப்பில் இருந்த 600 விநாடி குத்தகைக் காலத்தை, அதாவது ஒரு எண்ணை வாடகைக்கு வைத்திருக்கும் நேரத்தை, அப்படியே விட்டது தவறு. பாதி நேரம் கழிந்ததும் ஒவ்வொரு சிஸ்டமும் புதுப்பிக்கக் கேட்கும். 60 சிஸ்டம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மணிக்கு 720 முறை. லாகில் வேறு எதையும் தேட முடியவில்லை. 8 மணி நேரமாக மாற்றினேன். மூன்று பிரிண்டர்களுக்கு மட்டும் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) வைத்து நிலையான எண் ஒதுக்கினேன். அந்த எண்களை 50–200க்கு வெளியே வைப்பது முக்கியம். உள்ளே இருந்தால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதே எண் வேறொருவருக்குப் போய்விடலாம்.

இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. ஒரு திங்கள்கிழமை காலை பாதி லேபில் நெட் இல்லை. சர்வர் ஓடுகிறது, லாகிலும் பிழை எதுவும் இல்லை. ஒரு சிஸ்டத்தில், அதன் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் ஆல் என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். முகவரி 192.168.0.104. டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் 192.168.0.1. அது எங்கள் சர்வரே இல்லை! நெட்வொர்க்குக்குள் இன்னொருவர் எண் கொடுத்துக்கொண்டிருந்தார். யாருடைய ஆஃபர் முதலில் வருகிறதோ அதைத்தான் சிஸ்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். எங்கோ ஒளிந்திருந்த அந்த இன்னொரு பெட்டி எங்கள் சர்வரைவிடச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறது.

எங்கள் சுவிட்சுகள் சாதாரண வகை, எந்தப் போர்ட்டில் யார் என்று சொல்லாது. அதனால் எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் எண் என்று சிஸ்டம் வைத்திருக்கும் ஏஆர்பி பட்டியலில் அந்த முகவரியின் மேக் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது பதில் சொல்கிறதா என்று விடாமல் கேட்கும் பிங்கை ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். 11ஆவது கேபிளில் பிங் நின்றது. அது ஆசிரியர் அறைக்குப் போகும் கேபிள். அங்கே ஜன்னலோரம் ஒரு புது வைஃபை ரூட்டர். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருந்த தாளில் அதே மேக் எண். ரூட்டர் எண் கொடுக்கும் பக்கமான மஞ்சள் நிற லேன் (LAN) ஓட்டையில் கேபிளைச் செருகியிருந்தார்கள். வெளி இணைப்புக்கான வான் (WAN) ஓட்டையில் செருகியிருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. நான் அந்த ரூட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு அங்கேயே விட்டேன். அவர்களுக்கும் வைஃபை வேண்டுமே. அடுத்த நிதியாண்டில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வசதியுள்ள சுவிட்சுகளைக் கேட்டு வாங்கினோம். சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பச் சொல்லிவிட்டால், வேறு எங்கிருந்து ஆஃபர் வந்தாலும் சுவிட்சே தடுத்துவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் போட்ட அந்த மென்பொருளின் பராமரிப்பை 2022இல் ஐஎஸ்சி நிறுத்திவிட்டது. இன்று புதிதாகப் போடுகிறவர்கள் அவர்களுடைய புதிய டிஹெச்சிபி சர்வரான கீயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அமைப்புக் கோப்பு ஜேசான் (பெயரும் மதிப்புமாக எழுதும் ஒரு உரை வடிவம்) வடிவில் இருக்கும். பழைய கோப்பை மாற்றித்தர ஒரு கருவியும் உண்டு. நானும் அதே பழைய லேப்டாப்பையும் சின்ன சுவிட்சையும் எடுத்துவைத்துக் கீயாவைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பிரிண்டர்களும் சரியான எண்ணை வாங்கிவிட்டன. செமஸ்டர் விடுமுறையில் லேபை மாற்றிவிடுவேன்.