இலை மூடுவதற்குள்: அமெரிக்காவின் வட மெய்ன் காட்டு நாட்குறிப்பு

ஏப்ரல் 9
ஸ்ப்ரூஸ் அடியில் இன்னும் முழங்கால் பனி. மரவண்டிச் சாலைகளைச் சேறு காயும்வரை அடைத்துவிட்டார்கள். செப்டம்பர் வேட்டைக்கு, மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கான மூஸின் இடம் பார்க்க இனி நடைதான்.

ஏப்ரல் 14
உண்ணி. போன வருஷக் கன்று ஒன்று கழுத்தும் தோளும் மயிர் கொட்டி, சாம்பல் வெளுப்பாக நிற்கிறது. குளிர்கால உண்ணி ஒரு மூஸ் மேல் பத்தாயிரக்கணக்கில் ஏறும். இலையுதிர்காலத்தில் புதர் நுனியில் குஞ்சுகள் கொத்தாகக் காத்திருக்கும். உரசிப்போகும் உடம்பில் தொற்றிக்கொண்டு குளிர்காலம் முழுக்க அங்கேயே வளரும். இப்போதுதான் பெண் உண்ணிகள் ரத்தம் குடித்து உப்பி விழும் நேரம். பெரிய மூஸ் தாங்கிவிடும். கன்றால் இழந்த ரத்தத்தை ஈடுகட்ட முடியாது.

படுத்தெழுந்த பள்ளத்தின் பனியில் சிவப்புப் புள்ளிகளைப் பாருங்கள். பள்ளம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அந்த விலங்கின் நிலை மோசம்.

ஏப்ரல் 15
தெற்குச் சரிவில் பனியே இல்லை. பனியில் விழும் உண்ணி பெரும்பாலும் பிழைக்காது. காய்ந்த சருகில் விழுந்தால் முட்டையிடும். உண்ணிக்கு நல்ல வருஷம்.

ஏப்ரல் 24
மே நடுவரைதான் காட்டைப் படிக்க முடியும். பிறகு இலை வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். வசந்தத்தில் மூஸைத் தேடிப் போகிறவர்கள் மூஸைப் பார்த்துவிட்டு வந்து, செப்டம்பரில் அதே இடத்தில் உட்கார்ந்து ஏமாறுகிறார்கள். இப்போது தேடவேண்டியது போன இலையுதிர்காலத்தின் தடயம்.

முதலாவது, கொம்பு உரசிய மரம். மணிக்கட்டுப் பருமனுள்ள ஃபிர், ஆல்டர். பட்டை நார்நாராகக் கிழிந்து, பக்கக் கிளைகள் முறிந்திருக்கும். காயம் ஆள் மார்புக்கு மேலேயும் போகும். மான் உரசியது இடுப்போடு நின்றுவிடும். தின்ற பட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூஸுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழ்ப்பல்லால் மேல்நோக்கிச் சுரண்டும். சிவப்பு மேப்பிளில் உளி இழுத்ததுபோல நெடுக்குக் கோடுகள் தெரிந்தால் அது குளிர்காலத் தீனி. வேட்டைக்கு அதனால் பயனில்லை.

இரண்டாவது, குழி. இணைசேரும் பருவத்தில் கிடா (ஆண் மூஸ்) முன்காலால் பறித்து, மூத்திரம் பெய்து, அதிலேயே புரளும். இப்போது அதில் உருகுநீரும் ஊசியிலையும் நிற்கும். நாற்றம் போய்விட்டதால் சட்டென்று கண்ணில் படாது. ஒரு குழி கிடைத்தால் சுற்றி ஐம்பதடி துழாவவேண்டும், இன்னொன்றும் இருக்கக்கூடும். பழைய குழிப் பக்கமே அடுத்த வருஷமும் கிடா வர வாய்ப்புண்டு. அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்தாயிற்று.

மே 3
சாலையோர உப்புக்குட்டையில் அந்திக்கூட்டம். குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு வடிந்து தேங்கிய சேற்றுநீர் அது. தீனியில் சோடியம் போதாததால் தூரத்திலிருந்துகூட வருகின்றன. இந்த இடத்தை வைத்து செப்டம்பரைக் கணக்குப் போடாதீர்கள். இங்கே பார்க்கவேண்டியது உடல்நிலையும் ஆண், பெண்ணும்தான்.

கொம்பு இப்போது மொட்டுதான், அதனால் முகத்தைப் பார்க்கவேண்டும். கிடாவின் மூக்குப் பகுதி கருத்திருக்கும், பெட்டைக்குச் செம்பழுப்பு. சந்தேகம் வந்தால் திரும்பும்வரை காத்திருங்கள். பெட்டைக்கு வாலடியில் வெள்ளைத் திட்டு உண்டு. கொம்பு உதிர்ந்த காலத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

மே 10
மூஸ் வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அனுமதி சில ஆயிரம்தான், கேட்பவர்கள் பல்லாயிரம்.

மே 17
கேமரா இரண்டும் பழைய குழிகளுக்குப் போகும் தடத்தில். மானுக்குக் கட்டும் உயரத்தில் கட்டினால் கால்கள்தான் பதிவாகும். மார்பு உயரத்துக்கு மேலே கட்டிச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்கணும். லென்ஸ் வடக்கே பார்க்கட்டும், இல்லாவிட்டால் எழுகிற வெயிலையும் சாய்கிற வெயிலையுமே படமெடுக்கும். எதிரே ஆடும் புல்லை அறுத்துவிடணும். நில உரிமையாளரின் அனுமதி, கேமரா மேல் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் சட்டப்படி வேண்டும்.

மே 23
பெட்டைகள் ஈனும் வாரம். அதற்கு முன்பே போன வருஷக் கன்றைத் துரத்திவிடும். சாலையில் திக்குத் தெரியாமல் நிற்பவை அவைதான். வேகம் குறைத்து ஓட்டுங்கள், இரவில் அந்தக் கருத்த உடம்பு விளக்கொளியில் தெரியாது.

தனியாகக் கன்று படுத்திருந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பணும். தாய் பக்கத்தில்தான் இருக்கும். காது பின்னே மடிந்து, திமில் மயிர் சிலிர்த்தால் அடுத்தது பாய்ச்சல். தடித்த மரத்தின் பின்னால் போய்விடுங்கள். நாயைக் கூட்டிவரவே கூடாது.

ஆனால் கன்றோடு இருக்கும் பெட்டைகள் எந்தப் பக்கம் என்பது முக்கியம். பெரும்பாலும் அவை தங்கள் வட்டாரத்தை விட்டுப் போவதில்லை. செப்டம்பரில் கிடாதான் பெட்டையைத் தேடி வரும். குழியும் பெட்டையும் ஒரே பக்கம் அமைந்தால் அதுதான் இடம்.

மே 28
கொம்பு எத்தனை அங்குலம் வரும் என்று இப்போது கேட்பதில் அர்த்தமில்லை. ஆகஸ்டில் பேசலாம்.

ஜூன் 2
கருப்பு ஈ. காதுமடலில் ரத்தம். வலைத்தொப்பி இல்லாமல் சதுப்புப் பக்கம் போகமுடியாது.

ஜூன் 8
இறைச்சியை வெளியே கொண்டுவருவதுதான் கவலை. செப்டம்பர் கடைசி வாரம் பகலில் 20 டிகிரியைத் தாண்டுவதுண்டு. குடலெடுத்த கிடா 300 கிலோ. எலும்போடு ஒரு பின்தொடையே 50 கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தில், தோல் போர்த்திய நிலையில், தொடை எலும்பை ஒட்டிய சதை எளிதில் ஆறாது. முதலில் கெடுவதும் அதுதான். உடனே தோலுரித்து, நாலாகப் பிரித்து, காற்றோட்டத் துணிப்பையில் நிழலில் தொங்கவிடணும்.

ஆகவே குறித்துவைத்த குழி ஒவ்வொன்றிலிருந்தும் சாலைவரை நடந்து அளந்தாயிற்று. வடக்குக் குழிதான் அருமை, ஆனால் நடுவே இடுப்பளவு சதுப்பு. பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மனசு வரவில்லை.

ஜூன் 9
வடக்குக் குழியை அடித்தாயிற்று.

ஜூன் 12
மாலையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து சதுப்புக்கு இறங்குகிறது, காலையில் வெயில் ஏறியதும் எதிர்ப்பக்கம். பெட்டைபோலக் குரல் கொடுத்தால் கிடா பெரும்பாலும் நேராக வராது, சுற்றி வந்து காற்றுக்குக் கீழே நின்று மோப்பம் பிடிக்கும். குரல் கொடுப்பவருக்குக் கீழ்க்காற்றில் நூறு கெஜம் தள்ளி, ஓரமாகத் துப்பாக்கிக்காரர். தெற்குக் குழியில் அதற்கு ஒரே ஒரு திட்டுதான் தோதாக இருக்கிறது. அதிலும் ராஸ்பெரி மண்டிவருகிறது.

ஜூன் 13
குலுக்கல் நெருங்குகிறது. எந்த வேட்டை வாரம் விழுந்தாலும் கேமராவுக்கு லித்தியம் பேட்டரி, புது அட்டை. இரண்டாவது கேமராவின் வாரைக் கரடி மென்றிருக்கிறது, கம்பி வாங்கணும்.