மிச்சம் விட்ட மண்ணீரல்

மண்ணீரல் இல்லாதவரின் ரத்தம் நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும் ஸ்லைடிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சில சிவப்பணுக்களுக்குள் ஊதா நிறத்தில் உருண்டையாக ஒரு புள்ளி தெரியும். ஹோவெல்-ஜாலி என்று பெயர். அணு முதிரும்போது தங்கிப்போன உட்கருத் துணுக்கு அது. மண்ணீரல் இருந்தால், அணு அதன் வழியாக நுழைந்து போகும்போதே துணுக்கை அகற்றிவிடும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, மண்ணீரலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்த குழந்தைகளின் ஸ்லைடு வந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். பெரும்பாலும் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் உள்ள பிள்ளைகள். இவர்களின் சிவப்பணு உருண்டையாக, வளைந்து கொடுக்காமல் இருப்பதால் மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரும். முன்பெல்லாம் மண்ணீரலை முழுதாக எடுத்துவிடுவார்கள். ஆனால் ரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டுவதும் மண்ணீரல்தான். அப்படி எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்ததை 1952-ல் கிங், ஷூமாக்கர் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். கொஞ்சமாவது விட்டுவைக்க வேண்டும் என்ற யோசனை அப்புறம் மெல்ல வலுத்தது.

இப்போது சுமார் 80, 90 சதவீதத்தை எடுத்துவிட்டு, ரத்த ஓட்டம் உள்ள ஒரு துண்டை மட்டும் விடுகிறார்கள். அது வருடக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகும். ஸ்கேனில் அளவு கூடியிருந்தால் பெற்றோருக்கு அவ்வளவு சந்தோஷம். "வளந்துடுச்சே மேடம், இனிமே ஊசி எதுக்கு?" என்று ஒரு அம்மா கேட்டார். அளவை மட்டும் நம்ப முடியாது. விபத்தில் மண்ணீரல் சிதறிய சிலருக்கு, அந்தத் திசு வயிற்றுக்குள் அங்கங்கே ஒட்டி வளர்ந்திருக்கும். ஆனாலும் கிருமியிடமிருந்து அது காக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் நான் புள்ளிகளைத் தேடுகிறேன். அவை அரிதாகவோ இல்லாமலோ இருந்தால், மிச்சத் துண்டு வடிகட்டுகிறது என்று அர்த்தம். அப்போதும் நியூமோகாக்கஸ் என்ற கிருமிக்கான தடுப்பூசியை விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

அறுவைக்குப் பிறகும் அணுக்கள் உருண்டையாகவேதான் இருக்கும், அழிவுதான் குறைகிறது. துண்டு ரொம்பப் பெருத்தால் அழிவும் கூடும், ஹீமோகுளோபின் மறுபடி இறங்கும். சில பிள்ளைகளுக்குப் பிறகு மீதியையும் எடுக்க வேண்டிவரும். அதற்காக முதல் அறுவை வீண் என்று நான் நினைக்கவில்லை. தொற்று அதிகம் தாக்கும் சின்ன வயதை அந்தத் துண்டை வைத்துக்கொண்டே பிள்ளை தாண்டிவிடுகிறதே.