சில்லென்று இருந்தால் சூடாகும்

வீட்டைச் சூடாக வைக்க, தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் பதிக்கிற வேலை சச்சரவில்லாமல் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத விஷயத்தில் யாருக்கும் கருத்து கிடையாது. மேலே என்ன போடலாம் என்று கேட்டேனோ இல்லையோ, ஆளுக்கொரு கட்சி ஆரம்பித்துவிட்டார்கள்.

கடையில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பீங்கான் டைல் மேல் காலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "ஐயோ, சில்லுன்னு இருக்கு மாப்பிள்ளை! இதைப் போட்டுட்டு எதுக்கு ஹீட்டிங்?" அடுத்து ஒரு கார்பெட் துண்டின் மேல் ஏறி நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: டைல் சில்லென்று இருப்பதே, காலின் சூட்டை அது சட்டென்று இழுத்துக்கொள்வதால்தான். அதே வேகத்தில் கீழே இருக்கும் சூட்டையும் மேலே கொண்டுவந்துவிடும். கார்பெட் காலின் சூட்டையும் கீழே விடாது, குழாயின் சூட்டையும் மேலே விடாது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில், 'டைலுக்குத்தான் கமிஷன் அதிகம் போல' என்று எழுதியிருந்தது.

என் மனைவி கணக்கில் கெட்டி. கார்பெட்டின் வெப்பத் தடையை 'டாக்' என்ற அளவில் சொல்கிறார்கள். கார்பெட்டும் அதன் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அத்தைக்குப் பிடித்த கார்பெட் மட்டுமே 2.4. அடிவிரிப்பு இன்னும் 1.

"தாண்டிடுச்சும்மா."

"கொஞ்சம்தானேடி, அனுசரிச்சுக்க மாட்டாங்களா?"

மாமா மரக் கட்சி. ஆனால் முழு மரப்பலகை சூட்டில் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே மட்டும் நல்ல மரம் வைத்த பலகை அவ்வளவாக அசையாது. அதற்கும் மேற்பரப்பு வெப்பம் வழக்கமாக 27 டிகிரியைத் தாண்டக் கூடாது.

"27-ஆ? அது ஏசிக்கு வைக்கிற நம்பர் இல்லையா?" என்றார் மாமா. தரை முழுக்க ஹீட்டராக இருக்கும்போது அதுவே போதும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். நம்பினார் என்று சொல்ல முடியாது.

கடைசியில் ஹாலுக்கு டைல், படுக்கையறைக்கு அடுக்குப் பலகை என்று பஞ்சாயத்து முடிந்தது. குழாய் மேல் போட்ட சிமெண்ட் பூச்சு நன்றாகக் காயும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்கினோம். பலகை போட்டவர் சுவரோரம் விரலளவு இடைவெளி விட்டதும் மாமா என்னைத் தனியாக அழைத்தார். "பலகை பத்தலையா, இல்லை ஏமாத்தறானா?" மரம் விரிவதற்கான இடம் மாமா, மேலே பட்டை வந்து மூடிவிடும் என்றேன்.

அப்புறம் ஹீட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஹாலில் வெறுங்காலோடு நடந்தால் அவ்வளவு இதம். ஆனால் சோபா பக்கம் போனால் மட்டும் அந்தச் சூடு காலுக்கு எட்டவே இல்லை. குனிந்து பார்த்தால் மெத்தை கனத்துக்குப் புத்தம்புதிய விரிப்பு.

அத்தை பெருமையாகச் சொன்னார்: "சூடெல்லாம் மேல போய் வீணாகுதேன்னு நான்தான் வாங்கி மூடி வெச்சேன் மாப்பிள்ளை."