ஒன்றரைப் பவுன் குண்டு

பிரான்ஸில் பிறந்து வளர்ந்த என் தங்கை மகன், சென்ற ஆண்டு அங்கே வேட்டை உரிமத் தேர்வில் தேறிய கையோடு புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, எந்தக் காலிபர் வாங்கட்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த அளவுத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி என்று பொருள். விடையையும் அவனே வைத்திருந்தான்: .300 வின்செஸ்டர் மேக்னம். பிரெஞ்சுப் படையில் பணி முடித்து, அங்கேயே பதினான்கு பருவங்கள் காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடி, பிறகு ஊர் திரும்பிய சொல்தா நான் என்பதால், என் ஒப்புதல் அவனுக்குத் தேவைப்பட்டது. நான் ஒப்பவில்லை. ஏன் என்பதை அன்று அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பேச்சுக்கே இன்று இடமில்லை. நம் காடுகளின் நிலைக்கு அதுவே சரி. பிரான்ஸின் நிலை வேறு. அங்கே காட்டுப்பன்றி பெருகி மக்காச்சோள வயல்களைப் புரட்டிப் போடுகிறது. அண்மைப் பருவங்களில் ஆண்டுக்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் சுடப்பட்டும் அதன் எண்ணிக்கை கட்டுக்குள் வரவில்லை.

காலிபர் என்ற எண்ணைப் பற்றிய மயக்கத்தை முதலில் தீர்க்க வேண்டும். .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் ஒரே விட்டமுள்ள குண்டையே, அதாவது 7.82 மில்லிமீட்டர் குண்டையே, சுடுகின்றன. வேறுபாடு பித்தளை உறையின் கொள்ளளவிலும், அதில் அடங்கும் வெடிமருந்திலும், அதனால் கிடைக்கும் வேகத்திலும்தான் இருக்கிறது. அந்தக் கூடுதல் வேகம் இலவசமாக வருவதில்லை. தோளில் விழும் உதையாகவும் காதைத் துளைக்கும் ஓசையாகவும் அதற்கு நாம் விலை கொடுக்கிறோம். முந்நூறு மீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் நிற்கும் மானுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். நாய்களும் ஆட்களும் விரட்டிவர, முப்பது நாற்பது மீட்டரில் புதரைக் கிழித்துக்கொண்டு ஓடும் பன்றிக்கு எதற்கு?

நான் முதல் துப்பாக்கி வாங்கியபோது இவ்வளவு தேர்வு இருக்கவில்லை. .308, .30-06 இரண்டும் படைத் தோட்டாக்களின் அளவு என்பதால், 2013 செப்டம்பரில் சட்டம் மாறும்வரை பிரெஞ்சு வேட்டைக்காரர்களுக்கு அவை விலக்கப்பட்டிருந்தன. ஆகவே, ஜெர்மானியரான வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1917இல் உருவாக்கிய 7x64 தோட்டாவுக்கான, போல்ட் இழுத்துச் சுடும் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். அது இன்றைக்கும் எந்தக் குறையும் சொல்ல முடியாத தோட்டா. குறை என்னிடம் இருந்தது.

இரண்டாம் பருவத்திலேயே தோட்டாக்களை நானே நிரப்பத் தொடங்கிவிட்டேன். சுட்ட உறையைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, மருந்தை நிறுத்து ஊற்றி, மேலே குண்டை அமர்த்துவதுதான் வேலை. பன்றிக்கு நான் தேர்ந்தது 7.8 கிராம் குண்டு, நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 950 மீட்டர் வேகம் வந்தது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றல். பெரிய விலங்குக்குப் பிரெஞ்சு விதி கேட்பது, 100 மீட்டரில் 1,000 ஜூல் மட்டுமே. நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் பருவத்தில், இருபத்தைந்து தப்படி தூரத்தில் ஒரு பெண்பன்றியின் தோளில் அந்தக் குண்டு பாய்ந்தது. விழுந்தது, எழுந்தது, ஓடிவிட்டது. மறுநாள் காலை, காயம்பட்ட விலங்கின் தடம் பிடிக்கப் பழக்கிய நாயுடன் ஒருவர் வந்தார். நான்கு மணி நேரம் நடந்தோம். முள்ளுக்குள் படுத்திருந்த பன்றி, நாங்கள் போய்ச் சேரும்போதும் உயிரோடு இருந்தது. தோலை உரித்துப் பார்த்தபோது, தோள்பட்டையின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம். ஆழம் மூன்று விரல் இருக்காது. குண்டு எலும்பில் மோதி, அரிசிக் குருணை போலச் சிதறி அங்கேயே கிடந்தது. நுரையீரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஓர் இரவு முழுவதும் அந்த உயிர் பட்ட வேதனைக்கு நான் நிரப்பிய தோட்டாதான் காரணம்.

அதற்குப் பிறகு 11.5 கிராம் குண்டுக்கு மாறினேன். கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன். வேகம் நொடிக்கு 780 மீட்டருக்கு இறங்கியது. ஆற்றலைக் கணக்கிட்டால் அதே 3,500 ஜூல்! தாளில் இரண்டும் ஒன்றுதான். விலங்கின் உடலில் ஒன்றல்ல. வேகத்தை இருமுறை பெருக்குகிற அந்தச் சூத்திரம் இலேசான, விரைவான குண்டை எப்போதும் உயர்த்திக் காட்டும். அது எவ்வளவு ஆழம் போகும் என்று சொல்லாது. அடுத்த பருவத்தில் விழுந்த தொண்ணூறு கிலோ ஆண்பன்றியின் மறுபக்கத் தோலுக்கு அடியில் அந்தக் கனத்த குண்டு கிடைத்தது. தலை காளான் போல விரிந்து இருமடங்கு அகன்றிருந்தது. அடிப்பகுதி குலையாமல் இருந்தது. கழுவித் தராசில் வைத்தேன்: 9.6 கிராம். பன்றி இருபது மீட்டர்கூடப் போகவில்லை.

என்னைப்போல் அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்களில் பெரியவர் ஜான் நாஸ்லர். 1946இல் கனடாவில், சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸ் மான்மீது அவருடைய குண்டுகள் மேலேயே சிதறி உள்ளே இறங்காமல் போயின. ஊர் திரும்பியவர், நடுவில் செப்புத் தடுப்பு வைத்த ஒரு குண்டைச் செய்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே செல்லும். 1948 முதல் விற்பனைக்கு வந்த அந்தப் 'பார்ட்டிஷன்' இன்றும் கிடைக்கிறது. ஈயமே இல்லாத முழுச் செப்புக் குண்டுகள் இப்போது பரவியிருக்கின்றன. அவை அனேகமாகச் சிதறுவதில்லை. ஆனால் விரிவதற்குப் போதிய வேகம் வேண்டும் என்பதால், அவற்றில் சற்று இலேசானதைத் தேர்வது தவறாகாது.

இனித் தோட்டா நிரப்பும் ஆசை உள்ளவர்களுக்கு. வேகத்துக்காக அதில் இறங்காதீர்கள். எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல இருப்பதுதான் அதன் பயன். மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையின் கீழ் அளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற வேண்டும். குண்டோ பிரைமரோ உறையோ மாறினால் மறுபடியும் கீழிருந்து வர வேண்டும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்க வேண்டும். பிரைமர் நன்றாகத் தட்டையாகியிருந்தாலோ, போல்ட் திறக்க முரண்டு பிடித்தாலோ, அழுத்தம் மிஞ்சுகிறது என்று அறிந்து அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சில மருந்துகள் வெப்பத்தில் கூடுதல் அழுத்தம் தரும் என்பதால், குளிர்காலத்தில் அளவு பார்த்த தோட்டாவைக் கோடையில் நம்பிவிடக் கூடாது. பேசிக்கொண்டே இந்த வேலையைச் செய்யவே கூடாது; என் மனைவி அந்தக் கதவைத் தட்டியதில்லை.

தங்கை மகனை, எதையும் வாங்கும் முன், நண்பரின் மேக்னம் துப்பாக்கியோடு சுடுதளத்துக்குப் போகச் சொன்னேன். மருந்தில்லாத போலித் தோட்டாக்களை அவனுக்குத் தெரியாமல் இடையிடையே அந்த நண்பர் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது, போலி. விசை 'டிக்' என்றது, வெடிக்கவில்லை, ஆனால் குழல்வாய் ஒரு சாண் கீழே குனிந்தது, கண்ணும் மூடிக்கொண்டது. உதைக்கு அஞ்சி உடல் முந்திக்கொள்கிறது என்று அவனே போனில் சொன்னான். .30-06இல் 180 கிரெய்ன் குண்டைச் சுட்டபோது குழல் அசையவில்லை. அதையே வாங்கிவிட்டான். 180 கிரெய்ன் என்பது சரியாக ஒரு தோலா, 11.66 கிராம்; இதுவும் நம் ஒன்றரைப் பவுன்தான்.

முதல் இரண்டு பருவம் கடைத் தோட்டாவே போதும் என்று சொல்லியிருக்கிறேன். அச்சு, இயந்திரம் எல்லாவற்றையும் அங்கேயே நண்பரிடம் விட்டுவிட்டேன். தராசை மட்டும் கொண்டுவந்தேன். டிசம்பரில் வரும்போது அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். நேற்று உலர்ந்த துணியால் துடைத்து, சோதனை எடையை வைத்துப் பார்த்தேன். முள் நேராக நின்றது. கடற்காற்றின் உப்புப் படாமல், மூடி இறுகிய டப்பாவில் வைத்திருக்கிறேன்.