தடைக்காலத்து ஏழு ஞாயிறுகள்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பெரியவர்களுக்கு மறைக்கல்வி நடத்தும் பொறுப்பைப் பங்குச் சாமி என்னிடம் கொடுத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தாத்தாவின் கைமணிதான். அவர் உபதேசியார், ஊருக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். சாயங்காலமானால் மணியை அடித்துக்கொண்டே தெருவில் நடப்பார், பிள்ளைகள் பின்னாலேயே போவோம். 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியாரும் இப்படித்தான் மணியடித்து ஆட்களைக் கூட்டியிருக்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லவைத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு "இதை நம்புகிறீர்களா?" என்று கேட்பாராம். அந்தக் கேள்விக்கு ஊரே கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து "நம்புகிறோம்" என்று சொன்னதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

2024 தவக்காலத்தில் நான் தொடங்கிய முதல் வகுப்பு சரியாக வரவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஒரு மணி நேரம் வைத்தேன். திரை, படங்கள், குறிப்புத்தாள் எல்லாம் தயார் செய்திருந்தேன். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள், கடைசி வாரம் ஒன்பது பேர். ஆண்கள் தொழிலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் பகலெல்லாம் உழைத்த அசதியில் உட்கார்ந்திருந்தார்கள். மரியாயின் சேனை என்ற பக்திக் குழுவில் இருக்கும் ஒரு அக்கா பிறகு என்னிடம், "நல்லாத்தான் சொன்னீங்க டீச்சர். ஆனா நாங்க ஒரு வார்த்தையும் பேசலையே" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் நான். அதே பழக்கத்தோடு கோயிலுக்குள்ளும் போயிருந்தேன்.

2025-இல் நாள்காட்டியை வேறு விதமாகப் பார்த்தேன். எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாஸ்கா (ஈஸ்டர்) ஏப்ரல் 20-இல் வந்தது. அடுத்த ஞாயிறு, 27-ஆம் தேதியிலிருந்து தூய ஆவியின் பெருவிழாவான ஜூன் 8 பெந்தக்கோஸ்து வரை எண்ணினால் சரியாக ஏழு ஞாயிறுகள். ஆண்கள் ஊரில் இருப்பார்கள். சிறு படகான வள்ளத்தில் போகும் வள்ளக்காரர்களும் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. மாலை நாலரை முதல் ஆறு வரை என்று வைத்தோம். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, அன்பியங்கள் என்ற அக்கம்பக்கத்துச் செபக் குழுக்களின் பொறுப்பாளர்கள் என்று முப்பத்துநான்கு பேர் பெயர் கொடுத்தார்கள்.

திரையை எடுத்துவிட்டேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். அன்றைய ஞாயிறு நற்செய்திதான் பாடம், முறை ஏழு படி முறை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி, ஆசியாவில் அன்பியங்கள் வழியாகப் பரவிய முறை இது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனதில் பட்ட வார்த்தையைச் சத்தமாக மூன்று முறை சொல்லுதல், அமைதி, பகிர்வு, என்ன செய்யப்போகிறோம் என்று பேசுதல், செபம். நான் வைத்த கட்டளை ஒன்றே ஒன்று: பகிர்வின்போது யாரும் யாரையும் திருத்தக் கூடாது, நான் உட்பட. எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து பேர் குழுவில் இருந்தார்கள். அவர்களுக்காக வாசகத்தை இரண்டு முறை, நிறுத்தி நிதானமாக வாசித்தோம். மூன்றாம் படிக்குக் காது போதும்.

முதல் ஞாயிறு தோமாவின் வாசகம். முந்தின நாள்தான் திருத்தந்தை பிரான்சிசின் அடக்கம் நடந்திருந்தது, எல்லோர் மனமும் கனத்திருந்தது. வார்த்தையைச் சொல்லும் நேரம் வந்தது. பெரும்பாலோர் "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்றார்கள். ஒரு அக்கா மட்டும் "அவர்களோடு இல்லை" என்று மூன்று முறை சொன்னார். இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை என்ற வரியில் வரும் சொல் அது. பகிர்வில் மெதுவாகச் சொன்னார்: தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு இரண்டு வருடம் கோயில் பக்கமே வரவில்லை. "எல்லாரும் உள்ள பூசை கண்டாங்க, நான் வெளிய கெபிகிட்ட நின்னேன். அது யாருக்கும் தெரியாது." கெபி என்றால் சுரூபம் வைத்த சிறு குகை. எங்கள் தெருவில்தான் அவர் வீடு. எனக்கும் தெரியாது.

இரண்டாம் ஞாயிறு, மே 4. யோவான் 21. இரவு முழுவதும் ஒன்றும் கிடைக்காமல் சீடர்கள் திரும்பும் வாசகம். நான் வீட்டில் நன்றாகத் தயாரித்திருந்தேன். பேதுரு மறுதலித்தபோதும் கரி நெருப்பு எரிந்தது, இங்கே கரையிலும் கரி நெருப்பு எரிகிறது என்று சொல்லக் காத்திருந்தேன். அதற்குள் விசைப்படகில் இருபத்தைந்து வருடம் போன ஒரு அண்ணன் "நூற்று ஐம்பத்து மூன்று" என்று மூன்று முறை சொன்னார். அந்த எண்ணைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் படித்திருக்கிறேன். அவர் சொன்னது எதிலும் இல்லை. "எண்ணியிருக்காங்க டீச்சர். உயிர்த்த ஆண்டவர் எதிர்ல நிக்கிறாரு, அப்பவும் மீனை எண்ணியிருக்காங்க. ஏன்னா பங்கு பிரிக்கணும். வீட்டுல பிள்ளைங்க இருக்கு. அதுக்கு அவர் கோவிச்சுக்கல." அவர் மனைவி அடுத்து "உணவருந்த வாருங்கள்" என்ற வார்த்தையைச் சொன்னார். "மீன்பாடு இல்லாம வர்ற அன்னைக்கு இவங்க முகத்தைப் பாத்து நான் ஒன்னும் கேக்க மாட்டேன், சோத்தை வைப்பேன். அவரும் கேக்கல" என்றார்.

என் குறிப்புத்தாளை அன்று நான் திறக்கவே இல்லை.

ஒவ்வொரு வாரமும் கடைசி இருபது நிமிடம் நிசேயா நம்பிக்கை அறிக்கைக்கு ஒதுக்கினோம். அதற்கு அடிப்படையிட்ட, 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்துக்கு 1700 ஆண்டு நிறைவு என்பதால் இதை விட எனக்கு மனமில்லை. மனப்பாடமாகச் சொல்லும் வரிகளைப் பெரியவர்கள் நிறுத்திக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இங்கே கேட்டார்கள். "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்ற வரியில் ஒரு பாட்டி, "ரெண்டும் ஒன்னுதானே தாயி?" என்றார். இறைமகன் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று அந்தக் காலத்துக் குருவான ஆரியு சொன்னதையும், அதை மறுக்கத்தான் இந்த வரி வந்தது என்பதையும் சொன்னேன். பாட்டிக்குப் போதவில்லை. ஒரு வள்ளக்காரர்தான் உதவிக்கு வந்தார்: "பொழுது உதிக்குதுன்னு சொல்றோம்ல பாட்டி. சூரியன் இருந்து, வெளிச்சம் இல்லாம ஒரு நிமிசம் இருந்திருக்குமா?" ஒளியினின்று ஒளி. ஆரியுவை எதிர்த்த ஆயர் அத்தனாசியார் எடுத்துச்சொன்ன உவமையும் இதுதான். அவரைப் படிக்காமலேயே, தினமும் கடலில் விடியலைப் பார்க்கிறவர் அதைச் சொல்லிவிட்டார்.

எல்லா வாரமும் இப்படி அமையவில்லை. மே 8 இரவு ஒன்பதரை மணி வாக்கில் வெண்புகையைக் கைப்பேசியில் பார்த்தவர்கள், 11-ஆம் தேதி புதிய திருத்தந்தை லியோவைப் பற்றியே பேசினார்கள். நானும் தடுக்கவில்லை. 25-ஆம் தேதி ஒருவர் பகிர்வு என்ற பெயரில் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். இதை எழுத ஒரு காரணம் உண்டு: இப்படி வகுப்பு நடத்துகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். வாரத்தில் இரண்டு வீடாவது போய் வர வேண்டும். என்னிடம் வந்த பெரிய கேள்விகளில் பாதி திண்ணையில்தான் வந்தன. மணமுறிவு, வேறு சபைக்குப் போன மகள், குடி, தற்கொலை செய்தவருக்கு நடந்த அடக்கச் சடங்கு. பதில் தெரியாதவற்றைச் சாமியிடம் கேட்டு, மறக்காமல் அந்த வீட்டுக்குப் பதிலைக் கொண்டுபோனேன்.

பெந்தக்கோஸ்து அன்று இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். ஆறாம் படியில் குழு எடுத்த முடிவு, கடலில் ஆளை இழந்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை சும்மா போய் உட்கார்ந்து வருவது. ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிந்து படகுகள் புறப்பட்டன. முதல் இரண்டு வீடுகளுக்குப் பெண்களாகவே போய்வந்தோம்.

2026-இல் பாஸ்கா ஏப்ரல் 5. பாஸ்காவின் மூன்றாம் ஞாயிறு 19-ஆம் தேதி வருகிறது, தடை தொடங்கி நாலு நாள் ஆகியிருக்கும். அன்றைய வாசகம் எம்மாவு. அதை வாசிக்க இப்போதே ஒருவர் பெயர் கொடுத்துவிட்டார். கெபிகிட்ட நின்ற அந்த அக்கா. கூட்டத்தில் இதுவரை அவர் வாசித்ததில்லை. செவ்வாய்க்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து, சத்தமாக வாசித்துப் பழகுகிறார்.