அழகர்மலை: மாதம் ஒரு பாசுரம்

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கி.மீ. தள்ளி அழகர்கோயில். கீழே கள்ளழகரும் பதினெட்டாம்படிக் கருப்பரும், 4 கி.மீ. போல மேலே ஏறினால் பழமுதிர்சோலை முருகன். இன்னும் மேலே ராக்காயி அம்மனும் நூபுர கங்கைத் தீர்த்தமும். வேன் பிடித்துப் போனால் அரை நாளில் எல்லாம் பார்த்துவிடலாம். அதில் தப்பில்லை. ஆனால் கோபம் குறையவில்லை, மனசு நிற்கவில்லை, எத்தனை கோயில் போயும் அப்படியேதான் இருக்கிறேன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்த மலையை வேறு விதமாகவும் வைத்துக்கொள்ளலாம்: மாதம் ஒரு தடவை போவது, கொஞ்சம் நடப்பது, ஒரு பாசுரம் மனப்பாடம் செய்வது.

திருமாலிருஞ்சோலை என்ற இந்த மலைக்கு நம்மாழ்வார் பாடியவற்றில் ஒன்று 'கிளரொளி இளமை' என்று தொடங்கும் திருவாய்மொழிப் பதிகம். 11 பாசுரம். மாதம் ஒன்று போதும். நாலே அடி, வாரத்துக்கு ஓரடி. இது அந்தாதி என்பதால், முதல் பாசுரம் 'சதிரே' என்று முடிந்தால் இரண்டாவது 'சதிரிள' என்று எடுக்கும். 'பயனே' என்று முடிந்தால் அடுத்தது 'பயனல்ல'. ஒன்று நன்றாகப் படிந்தால் அடுத்ததை அதுவே இழுத்து வரும். ஒரே வாரத்தில் பதினொன்றையும் உருப்போடுகிறவர்கள் இந்தக் கண்ணியில்தான் தடுக்கி விழுவார்கள். ஒரு முடிவுச் சொல் மறந்தால் போதும், மீதி எல்லாம் நின்றுவிடும்.

முதல் பத்துப் பாசுரங்களும் கடைசி அடியில் ஒவ்வொரு வேலை சொல்கின்றன. அயல்மலையையாவது அடை, அந்த வழியையாவது நினை, நாளும் வலம் வா. முதல் பாசுரம் இளமை போவதற்குள் வந்துவிடு என்று அவசரப்படுத்துவதும், அதே பதிகம் பக்கத்து மலைக்கு வந்தாலும் சரி என்று இறங்கி வருவதும் சேர்ந்தே இருக்கின்றன. தள்ளிப்போடாதே, ஆனால் சின்னதாகத் தொடங்கு என்றுதான் இதை எடுத்துக்கொள்ள முடிகிறது.

நடையும் அப்படியே. முதல் மாதம் கருப்பர் சந்நிதி, பெருமாள் தரிசனம், அதோடு வீடு. அடுத்த மாதம் மலைப்பாதையில் ஒரு வளைவு வரை ஏறித் திரும்புங்கள். பிறகு மாதம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாளே நூபுர கங்கை வரை நடப்பவர்களுக்கு ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் முழு எடையும் முழங்காலில் விழும். மூன்று நாள் வலி, அடுத்த மாதம் சாக்கு. விடிந்ததும் ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் தார் ரோட்டில் வெறுங்கால் தாங்காது. குரங்குத் தொல்லை அதிகம். வாழைப்பழம், தேங்காய், பிளாஸ்டிக் பை எதையும் கையில் தொங்கவிடாமல் ஜிப் வைத்த பையைத் தோளில் மாட்டுங்கள். கீழ்க்கோயில் நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்குள் இறங்கி வந்தால்தான் அழகரைப் பார்க்கலாம். மிளகும் சுக்கும் போட்டு நெய்யில் சுட்ட அழகர் தோசை கிடைத்தால் விடாதீர்கள்.

நாலைந்து மாதத்தில் ஒரு சலிப்பு வரும். எதுவும் மாறவில்லை என்று தோன்றும். அப்போது மனநிலையைக் கேட்காதீர்கள், அது அன்றன்றைக்கு ஒன்று சொல்லும். ஒரு நோட்டில் தேதி, ஏறிய வளைவு, மூச்சு வாங்க நின்ற தடவை, புத்தகம் பார்க்காமல் சொன்ன பாசுரம், இந்த நாலு மட்டும் எழுதி வாருங்கள். பழைய பக்கத்தைப் புரட்டினால் எது நகர்ந்திருக்கிறது, எது நகரவில்லை என்பது தெரிந்துவிடும். நகராததற்கு இன்னொரு மாதம் கொடுக்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகரே இந்த 21 கி.மீ.யைக் கடந்து வைகைக்கு வர இரண்டு இரவு எடுத்துக்கொள்கிறார். வழிநெடுக மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நின்றுதான் வருகிறார். அந்த நாட்களில் நீங்கள் மலைக்குப் போக வேண்டியதில்லை; தல்லாகுளத்திலோ ஆற்றிலோ பார்த்துக்கொள்ளலாம்.

போக முடியாத மாதங்கள் கட்டாயம் வரும். காய்ச்சல், கல்யாணம், வேலை. ஒன்பதாம் பாசுரம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது: 'தொழக் கருதுவதே துணிவது சூதே'. தொழ வேண்டும் என்று எண்ணித் துணிவதே நல்ல வழி என்று பொருள். அன்று மொட்டை மாடியில் வடக்கே பார்த்து நின்று அந்த மாதத்துப் பாசுரத்தை ஒரு முறை சொல்லுங்கள். விட்டதை ஈடுகட்ட அடுத்த மாதம் இரண்டு பாசுரம், இரண்டு வளைவு என்று கூட்டாதீர்கள். பலர் நிறுத்திவிடுவது அந்த மாதத்தில்தான். விட்ட இடத்திலிருந்து ஒன்று, வாரம் ஓரடி.